மழைக்கு முன்னால், ஆத்தூர்ப் பக்கத்துச் செம்மறிக்காரர்களுக்கு



புரட்டாசி கடைசியில் இதை எழுதுகிறேன். காமராசர் அணைக்கு மேலே மலையில் மேகம் கட்டத் தொடங்கிவிட்டது. கோடை முழுக்கவும் அதற்குப் பிறகும் உங்கள் ஆடுகள் காய்ந்த புல்லையும், வேலியோரத் தழையையும், தொரட்டியால் இழுத்துப் போட்ட வேலங்கொப்பையும் தின்று நாளைத் தள்ளியிருக்கின்றன. இனி வடகிழக்குப் பருவமழை. நம் திண்டுக்கல் மாவட்டத்துக்கு மழையில் பெரும்பங்கு அதில்தான் வருகிறது. அடிவாரத்தில் நல்லதாக இரண்டு மழை விழுந்தால் போதும், கொஞ்ச நாளில் தரை பச்சை கட்டிவிடும். விலா எலும்பு தெரியும் ஆடுகளைப் பார்த்துப் பார்த்து மனம் வெந்தவர்களுக்கு அந்தப் பச்சை எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்குத் தெரியும். பட்டியைத் திறந்து, "போய் வயிறு நிறையத் தின்னுங்க" என்று விட்டுவிடத்தான் கை துடிக்கும். அந்த முதல் வாரத்தில் உங்கள் கையைக் கொஞ்சம் பிடித்து நிறுத்தத்தான் இந்த மடல்.

செம்மறி மேய்க்கும் வீட்டில் பிறந்து, கால்நடைத் துறையிலும் வேலை பார்த்த எனக்கு ஒன்று மட்டும் ஆறவே மாட்டேன் என்கிறது. பஞ்ச மாசங்களைத் தாண்டி வந்த ஆடு, தீனி கிடைத்த வாரத்தில் சாகிறது. அதிலும் மந்தையின் நோஞ்சான் குட்டி தப்பித்துவிடும். தாய்ப்பாலை நிறையக் குடித்து, முன்னால் ஓடி, நல்ல புல்லாகப் பார்த்துப் பிடித்த கொழுத்த குட்டிதான் போகும். சாயங்காலம் துள்ளிக்கொண்டு வந்த குட்டி, விடியலில் கழுத்து பின்னால் வளைந்து, கால் விறைத்துக் கிடக்கும். பாம்பு தீண்டிவிட்டது என்பார்கள், கண் பட்டுவிட்டது என்பார்கள். பெரும்பாலும் அது துள்ளுமாரி.

துள்ளுமாரியை உண்டாக்கும் கிளாஸ்டிரிடியம் என்ற நுண்ணுயிர் வெளியிலிருந்து வந்து தொற்றவேண்டும் என்பதில்லை. நல்ல ஆட்டின் குடலிலும் அது கொஞ்சமாக இருந்துகொண்டே இருக்கும். ஆடு அளவோடு தின்று, தின்றது மேல்வயிற்றிலேயே செரித்துக் கீழே இறங்கும் வரை அதற்குப் பெருக வழியில்லை. தின்பது திடீரென்று கூடி, செரியாத மாவும் சர்க்கரையும் சிறுகுடலுக்குள் வழிந்து இறங்கும்போது அது ஒரே இராத்திரியில் பெருகி நஞ்சைக் கக்குகிறது. இரத்தக் குழாய்களையும் மூளையையும் அந்த நஞ்சு தாக்குகிறது. மருத்துவர் அறுத்துப் பார்த்தால் சிறுநீரகம் கூழ் மாதிரி குழைந்திருக்கும். மருந்து கொடுக்க நேரமே கிடைக்காத நோய் இது. ஆனால் தடுப்பூசி உண்டு. முதன்முறை போடும் ஆட்டுக்கு இரண்டு மூன்று வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு வருசம் ஒரு முறை, மழைக்கு முன்னால். இன்னும் போடவில்லை என்றால் இந்த மடலை மடித்து வைத்துவிட்டு முதலில் கால்நடை மருந்தகத்துக்குப் போய் நாள் கேட்டு வாருங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

ஊசி ஒரு நோயைத் தடுக்கும். தீனியால் வரும் மற்ற கேடுகளை நீங்கள்தான் தடுக்கவேண்டும். அதற்கு ஆட்டின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்திருப்பது நல்லது.

ஆட்டுக்கு வயிறு நான்கு அறை. நமக்குக் கறிக்கடையில் பார்த்துப் பழக்கம்தான். துண்டு மாதிரிச் சொரசொரப்பாக இருக்கும் பெரிய பை முதலாவது. அதை ஒட்டித் தேன்கூடு போல் கட்டம் போட்டது இரண்டாவது. ஏடு ஏடாக மடிந்திருப்பது மூன்றாவது. நம் வயிறு மாதிரிப் புளிப்பு நீர் சுரந்து செரிக்கும் அறை நான்காவதுதான். வளர்ந்த ஆட்டில் முதல் பையே வயிற்றின் இடது பக்கம் முழுவதையும் பிடித்துக்கொள்கிறது. அங்கே ஆடு எதையும் செரிப்பதில்லை. கோடானுகோடி நுண்ணுயிர்கள் செரிக்கின்றன. ஒரு மில்லி வயிற்று நீரில் ஆயிரம் கோடிக்கு மேல் பாக்டீரியா இருக்கும். புல்லின் நாரை உடைக்கும் சுரப்பு ஆட்டின் உடம்பில் எங்குமே கிடையாது. அந்த வேலை முழுக்க இவற்றுடையது. இட்லி மாவு பானையில் புளிப்பது போல உள்ளே எந்நேரமும் புளிப்பு நடந்துகொண்டே இருக்கிறது. அதில் உண்டாகும் அமிலங்களைப் பையின் சுவரே உறிஞ்சி இரத்தத்தில் விடுகிறது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1944இல், கேம்பிரிட்ஜில் பார்கிராப்ட், மெக்அனலி, பிலிப்சன் ஆகிய மூவரும் செம்மறிகளை வைத்துத்தான் இதை நிலைநாட்டினார்கள். ஆட்டுக்கு வேண்டிய எரிசக்தியில் ஏறத்தாழ முக்கால் பங்கு இந்த அமிலங்களிலிருந்தே வருகிறது. புரதமும் அப்படித்தான். பெருகிய நுண்ணுயிர்களே கீழே இறங்கி, நான்காவது அறையில் செரித்து, ஆட்டுக்குப் புரதமாகின்றன.

ஆகவே நாம் தீனி போடுவது ஆட்டின் வாய்க்குத்தான் என்றாலும், முதலில் தின்பது அந்த நுண்ணுயிர்கள். நாரைத் தின்னும் கூட்டம் வேறு, மாவைத் தின்னும் கூட்டம் வேறு. மூன்று மாசம் தட்டையும் காய்ந்த புல்லும் தின்ற ஆட்டுக்குள் நாரைத் தின்னும் கூட்டமே நிறைந்திருக்கும். அதன் முன்னால் ஒரே நாளில் மக்காச்சோளத்தைக் கொட்டினால் அதைச் செரிக்க அங்கே சரியான ஆளில்லை. ஒரு கூட்டம் குறைந்து இன்னொரு கூட்டம் பெருகி நிலைகொள்ள இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். புதுத் தீனியைப் படிப்படியாகக் கூட்டச் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

அடுத்தது அளவு. ஆடு எவ்வளவுக்கு எவ்வளவு தின்கிறதோ அவ்வளவுக்குக் கறி ஏறும் என்று நாம் நினைக்கிறோம். ஓரளவுக்கு உண்மைதான். ஆனால் தின்பது கூடக் கூட, தின்றதில் செரிப்பது குறைகிறது. பையின் கொள்ளளவு மாறுவதில்லை. மேலிருந்து நிறைய வந்தால் உள்ளே இருப்பது வேகமாகக் கீழே தள்ளப்படுகிறது. நாரை உடைக்க நுண்ணுயிர்களுக்கு நேரம் வேண்டும்; அந்த நேரம் கிடைப்பதில்லை. ஸ்காட்லாந்தின் ஹன்னா ஆராய்ச்சி நிலையத்தில் கென்னத் பிளாக்ஸ்டரும் உடன் வேலை பார்த்தவர்களும் 1956இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் அளந்தது. சாயம் ஏற்றிய தீவனத்தைச் செம்மறிகளுக்குக் கொடுத்து, அந்தச் சாயத்துண்டுகள் எத்தனை நேரம் கழித்துப் புழுக்கையில் வருகின்றன என்று எண்ணினார்கள். தீவனத்தின் அளவைக் கூட்டியபோது துண்டுகள் சீக்கிரம் வெளியே வந்தன, செரிமானம் குறைந்தது. அதே தீவனத்தைப் பொடியாக அரைத்துக் கொடுத்தபோதும் அப்படியே.

கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். அரைக்கிலோ உலர்தீனியில் நூற்றுக்கு அறுபது செரித்தால் ஆட்டுக்குக் கிடைப்பது 300 கிராம். ஒரு கிலோவாக்கினால் 600 கிராம் கிடைக்கவேண்டும். செரிமானம் நூற்றுக்கு 54க்கு இறங்கினால் 540 கிராம்தான். மீதி 60 கிராம் உங்கள் பணம், புழுக்கையோடு போகிறது. மொத்தத்தில் கூடுதல் கிடைக்கிறதே என்றால், கிடைக்கிறது, மறுக்கவில்லை. வளரும் குட்டிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் நிறையத்தான் போடவேண்டும். ஆனால் காசு கொடுத்து வாங்கும் அடர்தீவனத்தை ஒரே வேளையில் கொட்டாமல் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துப் போட்டால், அதே செலவில் செரிப்பு கூடும், புளிப்பும் ஒரேயடியாக ஏறாது. இதற்குக் கூடுதல் காசு வேண்டாம், வீட்டில் ஒருவர் பகலில் ஒருமுறை எழுந்து போனால் போதும்.

தட்டையை நறுக்கிப் போடுவதிலும் இதே விசயம் இருக்கிறது. இரண்டு விரல்கட்டை நீளத்துக்கு நறுக்கினால் வீணாவது குறையும், ஆடு நன்றாகத் தின்னும். அதையே மாவுமில்லில் கொடுத்துத் தூளாக்கினால் மெல்லவேண்டிய வேலையே இல்லாமல் போகும். மெல்லாவிட்டால் எச்சில் சுரக்காது. செம்மறி ஒரு நாளைக்கு 6 லிட்டரிலிருந்து 16 லிட்டர் வரை எச்சில் சுரக்கும் என்று அளந்திருக்கிறார்கள். அது வெளிநாட்டுப் பெரிய ஆட்டின் கணக்கு. நம் ஆட்டுக்குக் குறையும். ஆனாலும் லிட்டர் கணக்கில்தான். அந்த எச்சிலில் இருப்பது கிட்டத்தட்ட நம் வீட்டு ஆப்பசோடா. வயிற்றில் உண்டாகும் அமிலத்தை அதுதான் தணிக்கிறது. நீளத் தீனி தின்னும் ஆடு ஒரு நாளில் எட்டு மணி நேரம் வரை அசைபோடும். மத்தியான வெயிலில் மந்தையைப் புளியமர நிழலில் மடக்கிப் போட்டு உட்கார வைக்கிறீர்களே, அந்த நேரத்தில் ஆடு அசைபோடுகிறது. "சும்மா படுத்துக் கிடக்குது, கிளப்பி மேயவிடு" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கிடை போடும் பெரியவர்கள் இந்த ஓய்வை ஒருநாளும் குறைத்ததில்லை. நான் பார்த்த மருத்துவப் புத்தகம் எதுவும் அவர்களுக்கு மாறாகச் சொல்லவில்லை.

இனி எதிர்ப்பக்கம். கோடையில், "வைக்கோல் மலை மாதிரி கிடக்கு, தின்னவே மாட்டேங்குது" என்று சொல்பவர்கள் நம்மில் நிறையப் பேர். ஆட்டுக்கு நாக்கு ருசி கெட்டுவிட்டது என்று நினைத்து வெல்லத்தண்ணி தெளிக்கிறோம், உப்புத் தெளிக்கிறோம். பிரச்சினை உள்ளே இருக்கிறது. நெல் வைக்கோலில் புரதம் நூற்றுக்கு மூன்று நான்குதான். சோளத்தட்டையும் அதைவிடப் பெரிதாக மேலில்லை. தீனியில் புரதம் நூற்றுக்கு ஏழுக்குக் கீழே போனால் அந்த நுண்ணுயிர்களுக்கே சாப்பாடு பற்றாது. அவை பெருகாது, நார் உடையாது, பை காலியாகாது. பை காலியாகாமல் ஆடு எப்படி மேலே தின்னும்? வயிறு நிறைந்தபடியே ஆடு மெலிகிறது. பார்க்கவே பாவமாக இருக்கும், வயிறு பானை மாதிரியும் முதுகு கத்தி மாதிரியும்.

இதற்கு மருந்து சின்னது. 25 கிலோ எடையுள்ள ஆட்டுக்குத் தினம் ஒரு கைப்பிடி, 50 கிராம் அளவு, கடலைப்புண்ணாக்கு. அல்லது அரைக்கிலோ அகத்தி, சூபாபுல், வேலிமசால் தழை. கடலைக்கொடி காயவைத்து எடுத்து வைத்திருந்தால் அதுவும் நல்லது. அந்தக் கைப்பிடி ஆட்டுக்குப் போட்டதாக நினைக்காதீர்கள், வைக்கோலைச் செரிக்கும் வேலையாட்களுக்குப் போட்ட படி அது. கொஞ்ச நாளில் ஆடு வைக்கோலை முன்னைவிடக் கூடுதலாகத் தின்னும், தின்றதும் கூடுதலாகச் செரிக்கும். நான் சொன்ன மற்ற எல்லாவற்றிலும் ஒன்று கூடினால் ஒன்று குறையும். இது ஒன்றில்தான் இரண்டும் சேர்ந்து கூடுகிறது. அதனால் வரப்பில் நாலு அகத்தி, வேலியில் பத்து சூபாபுல் என்று நட்டு வைப்பதைப் போல லாபமான காரியம் ஆடு வளர்ப்பவருக்கு வேறில்லை என்றே சொல்வேன்.

சூபாபுலைப் பற்றி ஒரு வார்த்தை. அதையே முழுத்தீனியாகப் போட்டால் அதிலுள்ள மைமோசின் என்ற நஞ்சால் மயிர் உதிரும், ஆடு இளைக்கும். தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். ஆஸ்திரேலியாவில் இந்த நஞ்சு பெரிய தொல்லையாக இருந்தபோது, ஹவாய்த் தீவின் ஆடுகள் இதையே தின்றும் நன்றாக இருப்பதை ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் கவனித்தார். நஞ்சை உடைக்கும் ஒரு நுண்ணுயிர் அந்த ஆடுகளின் வயிற்றில் இருந்தது. 1980களில் அந்த வயிற்று நீரைக் கொண்டுபோய் ஆஸ்திரேலியக் கால்நடைகளுக்குக் கொடுத்தார்கள், தொல்லை தீர்ந்தது. பிற்பாடு அந்த நுண்ணுயிருக்கு ஜோன்ஸ் பெயரையே வைத்தார்கள். நம் மருத்துவர்கள் செரிமானம் அடியோடு நின்றுபோன ஆட்டுக்கு, கறிக்கடையில் அப்போது அறுத்த நல்ல ஆட்டின் வயிற்று நீரை வடிகட்டிப் புகட்டுவதும் இதே அறிவின்படிதான். அடுத்த முறை மருத்துவர் கறிக்கடைக்குப் பாத்திரம் கொடுத்தனுப்பினால் முகம் சுளிக்காதீர்கள்.

இப்போது தை மாசத்துக்கு வருகிறேன். புதுப்புல் ஆபத்து ஐப்பசியோடு முடிந்தது என்று மூச்சு விடும்போது மக்காச்சோளம் அறுத்த காடு வருகிறது. தட்டையும் தோகையும் மேய நல்ல காடுதான். ஆனால் கதிர் சிந்திக் கிடக்கும். செம்மறி தலையைக் கவிழ்த்துக்கொண்டு மணி மணியாகப் பொறுக்கும். பசியோடு விட்டால் ஒரு மணி நேரத்தில் அரைக்கிலோ மணி உள்ளே போய்விடும். மாவைத் தின்னும் கூட்டம் வெறியோடு பெருகி லாக்டிக் அமிலத்தைக் கக்கும். நாரைத் தின்னும் கூட்டம் அந்தப் புளிப்பில் செத்துப்போகும். புளிப்பு ஏற ஏற, உடம்பின் நீரெல்லாம் வயிற்றுக்குள் இறங்கும். ஆட்டை அசைத்தால் வயிறு குடத்துத் தண்ணீர் மாதிரி சளக் சளக் என்னும். கண் உள்ளே போயிருக்கும், பல்லை நறநறவென்று கடிக்கும், அசைபோடாது, புளித்த நாற்றத்தோடு கழியும். ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உயிர் போகும். தப்பித்தாலும் பையின் சுவர் வெந்துபோய், அந்த ஆடு பழைய மாதிரித் தேறுவது கடினம்.

பொங்கலும் அதே மாசம். மிச்சப் பொங்கல், கல்யாண வீட்டு எச்சில் சோறு, கஞ்சி, ரேசன் அரிசி எல்லாம் மக்காச்சோளம் செய்யும் அதே வேலையை இன்னும் வேகமாகச் செய்யும். வெந்த மாவு உடனே புளிக்கும். 2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய விலையில்லா ஆடு திட்டத்தில் ஐந்து வருசத்தில் ஏழு லட்சம் குடும்பங்களுக்கு, குடும்பத்துக்கு நான்கு வீதம், வெள்ளாடோ செம்மறியோ கொடுப்பதாக அறிவித்தார்கள். பட்டியே இல்லாத பல வீடுகளுக்கு அதன் வழியாகத்தான் ஆடு வந்தது. மேய்க்க நிலமில்லாத அந்த அக்காமார் தங்கள் தட்டில் இருப்பதை ஆட்டுக்கும் வைத்தார்கள். பிள்ளைக்குக் கொடுப்பதைத்தானே கொடுத்தோம் என்று அவர்கள் அழுததில் ஒரு குற்றமும் இல்லை. கொடுத்த அன்றைக்கே யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருக்கவேண்டும்: அக்கா, சோறு ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம், கஞ்சித்தண்ணி தெளிவாக மட்டும் வையுங்கள், முதலில் தழை, பிறகுதான் மற்றதெல்லாம். இப்போது ஆடு வைத்திருக்கும் நீங்கள் பக்கத்து வீட்டில் புதிதாக ஆடு வாங்கியவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள். பொங்கலன்று மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஊட்டுகிற வழக்கத்தை நான் தடுக்கவில்லை. ஒரு வாய் போதும்.

காட்டுக்காரரிடம் மேய்ச்சல் பேசும்போதே, முதலில் ஆட்களை விட்டுக் கதிர் பொறுக்கியாயிற்றா என்று கேளுங்கள். கிடை போட்டால் அவருக்கும் எரு, உங்களுக்கும் தீனி. பொறுக்கிய மணி வீட்டுக்குப் போனால் அவருக்கும் லாபம்தானே. காலையில் முதலில் தட்டை கொஞ்சம் தின்ன வைத்து, அரை வயிறு ஆன பிறகு காட்டில் இறக்குங்கள். முதல் நாள் அரைமணி, அடுத்த நாள் முக்கால் மணி. புதுப்புல்லுக்கும் இதுவே முறை. பனி காய்ந்து, வெயில் ஏறிய பிறகு விடுங்கள். அறுத்த கட்டையில் துளிர்த்த சோளக்குருத்திலும், மழை பொய்த்து வாடி நிற்கும் இளஞ்சோளத்திலும் ஆட்டை விடவே வேண்டாம். அதில் சயனைடு இருக்கிறது. பசித்த ஆடு வேக வேகமாகத் தின்றால் அது வயிற்றில் ஒரேயடியாக வெளிப்பட்டு நிமிச நேரத்தில் ஆட்டைச் சாய்த்துவிடும்.

சந்தையில் குட்டி வாங்குகிறவர்களுக்கும் கொஞ்சம் சொல்லவேண்டும். அய்யலூர் வியாழக்கிழமைச் சந்தைக்கும் மற்றச் சந்தைகளுக்கும் நம்மில் பலர் போய்வருகிறோம். ஆட்டின் உயிரெடையில் நூற்றுக்குப் பத்திலிருந்து இருபது வரை வயிற்றுக்குள் கிடக்கும் தீனியும் தண்ணீரும்தான். இரவெல்லாம் வண்டியில் நின்று, தீனியில்லாமல் வந்த குட்டியின் பை வெறுமையாகி, உள்ளேயுள்ள நுண்ணுயிர் பாதி பட்டினியில் கிடக்கும். பக்ரீதுக்குத் தேற்றவேண்டும் என்ற அவசரத்தில் வீட்டுக்கு வந்ததும் தீவனச் சட்டியை நீட்டாதீர்கள். முதல் நாள் தண்ணீரும் காய்ந்த புல்லும் தட்டையும். இரண்டாம் நாள் தழை. நாலாம் நாளிலிருந்து 50 கிராம் அடர்தீவனம். பிறகு மூன்று நாலு நாளைக்கு ஒருமுறை 50 கிராம் கூட்டிக்கொண்டே போங்கள். இரண்டு மூன்று வாரத்தில் நீங்கள் நினைத்த அளவுக்கு வந்துவிடலாம். முட்டுச் சண்டைக்குக் கச்சைகட்டிக் கருப்பு இனக் கிடாய் வளர்ப்பவர்கள் தானியத்தைக் கூட்டும்போது தண்ணீரையும் கவனிக்கவேண்டும். தானியம் மிகுந்து தண்ணீர் குறைந்த கிடாய்க்கு மூத்திரப்பையில் கல் கட்டும்.

சினை ஆட்டைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. ஐந்து மாசச் சினையில் கடைசி ஆறு வாரத்தில்தான் குட்டி பெரும்பகுதி வளர்கிறது. அதே ஆறு வாரத்தில் குட்டி வளர்ந்து பையை அமுக்கிவிடுவதால் தாயால் முன்னைப்போல் தின்ன முடிவதில்லை. இரட்டைக்குட்டி என்றால் இன்னும் மோசம். தேவை ஏறும்போது இடம் சுருங்குகிறது. வைக்கோலால் அந்த இடத்தை அடைத்தால் தாய் தன் கொழுப்பைக் கரைத்துக் குட்டியை வளர்க்கப் பார்க்கும். கடைசியில் தலை சாய்ந்து விழும். அந்த வாரங்களில் நல்ல பசுந்தழையும், 150, 200 கிராம் அடர்தீவனமும், பிரித்துப் பிரித்துக் கொடுங்கள். பிறந்த குட்டிக்கு முதல் பை வேலை செய்யாது. பால் நேராக நான்காவது அறைக்குப் போய்விடும். இரண்டு வாரத்திலிருந்து கூடாப்புக்குள் அகத்தியோ வேலிமசாலோ ஒரு கொத்துக் கட்டித் தொங்கவிட்டால், குட்டி கடித்துப் பழகி, பையும் சீக்கிரம் முதிரும்.

இவ்வளவும் கேட்டுவிட்டு, வயிற்றுக்குள் இருப்பதை நாங்கள் எப்படிப் பார்ப்பது என்று கேட்பீர்கள். காலையில் பட்டி கூட்டும்போது புழுக்கையைப் பாருங்கள். பளபளவென்று தனித்தனியாக உருண்டு, கையில் நசுக்கினால் நார் பொடிப்பொடியாக இருந்தால் நல்ல செரிமானம். ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக வந்தால் தீனி மாற்றம் வேகமாகிவிட்டது, ஒருபடி இறங்குங்கள். சோளமணி முழுசாகத் தெரிந்தால் தீவனம் கூடிவிட்டது. கல் மாதிரிச் சிறுத்துக் கறுத்திருந்தால் தண்ணீரும் புரதமும் பற்றவில்லை. இளகிக் கழியும் மந்தை குளத்தங்கரையில் மேய்ந்ததாக இருந்தால் தட்டைப்புழுவையும் சந்தேகப்பட வேண்டும். பிறகு ஆட்டின் இடது விலாவுக்குப் பின்னால் உள்ள குழியில் கைமுட்டியை அழுத்தி வைத்திருங்கள். ஒரு நிமிசத்துக்கு ஒன்றிரண்டு முறை உள்ளேயிருந்து மெதுவாக உந்தும். அந்த உந்தல் நின்றுபோன ஆடு, எழுந்து நின்றாலும் நோயாளிதான். தீவனக் கலவை செய்யக் கற்க விரும்பினால் திண்டுக்கல்லில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி, ஆராய்ச்சி மையம் இருக்கிறது. போய்க் கேளுங்கள், குறிப்பாகப் பெண்கள் சேர்ந்து போங்கள்.

கடைசியாக ஒன்று. இதை மனம் நோகாமல் எப்படிச் சொல்வதென்று யோசித்துத்தான் கடைசிக்கு வைத்தேன். ஆடு விழுந்ததும் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, "நேத்து என்ன தின்னுச்சு?" என்பது. "வழக்கம்போலத்தாண்ணே, புல்லுதான்" என்று நம்மில் பலர் சொல்கிறோம். இராத்திரி பட்டி வேலியைத் தாண்டிப் பக்கத்துக் காட்டு மக்காச்சோளத்தில் இறங்கியதைச் சொன்னால் காட்டுக்காரர் சண்டைக்கு வருவார், பஞ்சாயத்துக் கூடும், தெண்டம் கட்டவேண்டி வரும் என்ற பயம் புரிகிறது. ஆனால் புல் தின்ற ஆட்டுக்கு வைத்தியம் வேறு, மணி தின்ற ஆட்டுக்கு வேறு. உப்புசத்துக்குக் கடலை எண்ணெய் புகட்டுவார்கள், புளிப்புக்கு ஆப்பசோடாக் கரைசல், சோளக்குருத்து என்றால் நரம்பில் ஊசி. ஒன்றுக்குப் பதில் ஒன்று செய்து அரைநாள் போனால் ஆடு போயிற்று. நீங்களாக எதையும் புகட்டவும் வேண்டாம், படுத்த ஆட்டின் வாயில் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போகும். கால்நடை ஆம்புலன்சுக்கு 1962 என்ற எண்ணில் போன் போட்டு, வண்டி வந்ததும் மருத்துவரைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போய், என்ன தின்றது, எவ்வளவு நேரம் தின்றது, எத்தனை மணிக்கு என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள். காட்டுக்காரரிடம் யாரும் சொல்லப் போவதில்லை. உங்களைப் போல எத்தனையோ பேரிடம் இதே கேள்வியைக் கேட்டு நின்ற எனக்கு, அது நன்றாகத் தெரியும்.

அன்புடன்,
ஆத்தூர்க்காரர் ஒருவர்